மூன்று மாத ஓய்வும் பாஸ்டர் வீடும்: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

கேள்வி இது: "மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்துச் சபையில் 14 வருடமாக ஊழியம் செய்கிறேன். மூப்பர்கள் கூடிப் பேசி, ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூன்று மாதம் சம்பளத்தோடு எனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். முதல் மாதம் கொடைக்கானலில் தனியாக ஜெபம், இரண்டாவது மாதம் ஒரு புத்தகம் எழுதுவது, மூன்றாவது மாதம் குடும்பத்தோடு இருப்பது என்று திட்டம். பெண்கள் கூடுகையையும் ஓய்வுநாள் பள்ளியையும் என் மனைவி வழக்கம்போல் பார்த்துக்கொள்வார். மகள் பிளஸ் டூ, மகன் எட்டாவது. ஆலய வளாகத்திலேயே வீடு. இந்த நாட்களில் ஊழியத்தையும் குடும்பத்தையும் எப்படிச் சமன்செய்வது?"

ஸ்தோத்திரம் தம்பி. மரபு வழிச் சபை ஒன்றில் 31 வருடம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கம் குருமனை என்போம், உங்கள் சபையில் பாஸ்டர் வீடு என்பீர்கள். பெயர்தான் வேறு, கதவு தட்டுகிற நேரம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில், உங்கள் சபை மூப்பர்களைப் பாராட்ட வேண்டும். பிரசவத்துக்கு மனைவியை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு அன்று மாலையே ஜெபக்கூட்டத்துக்குத் திரும்பிய பாஸ்டரைத்தான் நம் ஊரில் சாட்சியாகச் சொல்வோம். அந்த ஊரில் ஒருவருக்கு மூன்று மாதம் ஓய்வு கொடுக்க மூப்பர்களுக்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் உங்கள் திட்டத்தில் குடும்பம் மூன்றாவது மாதத்தில்தான் வருகிறது. 14 வருடமாக வரிசையில் கடைசியில் நின்றவர்களை ஓய்விலும் கடைசியிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்து, மனைவி "வழக்கம்போல் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பத்துக் கட்டளைகளில் நான்காம் கட்டளையை எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாதவர்கள் யார் யார்? நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். மாட்டுக்குக்கூட ஓய்வு உண்டு. மனைவி மட்டும் பட்டியலில் இல்லை. "நீ" என்ற சொல்லுக்குள் மனைவியும் அடக்கம் என்பார்கள் வேத அறிஞர்கள். அது சரிதான். ஆனால் நாம் பாஸ்டர்கள் அந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து, அவளை மட்டும் வேலையில் விட்டுவிட்டோம்.

பெண்கள் கூடுகையை அவர் நடத்தினால், கூடுகை நாளில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது செருப்பு கிடக்கும். ஓய்வுநாள் பள்ளியை அவர் பார்த்தால், ஞாயிறு காலை எட்டு மணிக்கு யாராவது ஆசிரியை வந்து "பாஸ்டரம்மா, சாக்பீஸ் எங்க?" என்று நிற்பார். பின்கட்டில் நீங்கள் ஓய்வில் இருப்பீர்கள். பிள்ளைகள் பார்வையில் ஒன்றுமே மாறியிருக்காது, அப்பா பிரசங்கம் பண்ணவில்லை என்பதைத் தவிர. ஆகவே இந்த வாரமே மூப்பர்களிடம் சொல்லி, மனைவியின் பொறுப்புகளையும் அதே மூன்று மாதத்துக்கு வேறு ஆட்களிடம் கொடுங்கள். சம்பளமில்லாத வேலைக்கு எதற்கு விடுப்பு என்று யாராவது கேட்டால், சம்பளமே இல்லாமல் 14 வருடம் செய்தவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று பதில் சொல்லலாம். அவரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். பெண்கள் கூடுகைதான் அவருடைய ஒரே வெளியுலகம் என்றால், அதைப் பிடுங்கிவிட்டு உங்களுக்குக் காபி போடும் வேலையைக் கொடுத்ததாக ஆகிவிடும். கணவன் பகலெல்லாம் வீட்டில் இருந்தால் மனைவிக்கு வேலை கூடும் என்பது எந்த இறையியல் கல்லூரியிலும் சொல்லித்தராத பாடம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எப்படிச் சமன்செய்வது என்று கேட்டீர்கள். இந்த மூன்று மாதத்தில் சமன்செய்ய ஒன்றும் இல்லை தம்பி. தராசின் ஒரு தட்டைக் கழற்றி வைக்கத்தான் இந்த ஓய்வு. சபை வேலை பூஜ்யம். சமன் செய்கிற வேலை செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. அதற்கான பேச்சை மட்டும் ஆகஸ்டில் தொடங்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். "பாதி ஓய்வு, பாதி ஊழியம்" என்று ஓடினால் இரண்டும் கெடும். நான் கெடுத்திருக்கிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊழியத்தின் 17-ஆம் வருடம் எனக்கு இரண்டு மாத விடுப்பு கிடைத்தது. காரணம் இரத்த அழுத்தம், மற்றபடி பெரிய தரிசனம் எதுவும் இல்லை. குருமனையிலேயே இருந்தேன். ஒன்பதாம் நாள் ஒரு சாவு. இறந்தவர் நல்ல மனிதர், எங்களுக்கு நிறையச் செய்தவர். வேறொரு ஆயரை ஏற்பாடு செய்துதான் இருந்தோம். இருந்தாலும் மகன் வந்து வாசலில் நின்று, "ஐயா, அப்பா உங்க கையாலதான் அடக்கம்னு சொல்லிட்டுப் போனாரு" என்றான். போனேன். அடக்கத்துக்குப் போனவன் மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? அங்கே பார்த்தவர்கள் "ஐயாதான் வந்துட்டாரே" என்று மறுநாளே ஆஸ்பத்திரி சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வாரம் முடிவதற்குள் வழக்கமான ஓட்டம். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், நான் அங்கி மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "அப்பா, லீவு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போயிருச்சா என்று கேட்பதுபோல சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தப்பு இறந்தவர் மகனுடையது அல்ல. நான் வளாகத்துக்குள்ளேயே இருந்ததும், சாவுக்கு என்ன ஏற்பாடு என்பதை என் மேஜையிலேயே வைத்துக்கொண்டு சபையில் அறிவிக்காததும்தான் தப்பு. நம் ஊரில் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாம், சாவைத் தள்ளிப்போட முடியாது. பாஸ்டரின் ஓய்வு நிற்குமா விழுமா என்பதை முதல் சாவுதான் தீர்மானிக்கும். ஆகவே இதை மட்டும் எழுத்தில் வைத்துவிடுங்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அடக்க ஆராதனை நடத்துபவர் இன்னார், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னார். மே கடைசி ஞாயிறு ஆராதனையில் மூத்த மூப்பர் ஒருவர் இதைப் பேர் சொல்லி அறிவிக்க வேண்டும். நீங்களே அறிவித்தால் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும்.

அந்த அறிவிப்பிலேயே காரணத்தையும் தேதியையும் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். இப்படிச் சம்பளத்தோடு கொடுக்கும் நீண்ட ஓய்வுக்குச் சபாட்டிகல் என்று பெயர், அந்தச் சொல்லை நம் சபைகளில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. காரணம் சொல்லாமல் பாஸ்டர் மூன்று வாரம் மேடையில் இல்லையென்றால் ஊர் தானே காரணம் கண்டுபிடிக்கும்: மூப்பர்களோடு சண்டையாம், காணிக்கைக் கணக்கில் ஏதோவாம், பாஸ்டருக்கு ஏதோ பெரிய வியாதியாம். அந்தப் பேச்சு பாஸ்டர் காதுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காதுக்கு வந்துவிடும். பிளஸ் டூ படிக்கிற பெண் டியூஷனில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த ஒரு மாதமும் வீணாகிப்போகும்.

வீடு ஆலய வளாகத்தில் இருப்பதுதான் உங்களுக்குள்ள பெரிய சிக்கல். பாஸ்டர் வீடு என்பது பாதி வீடு, பாதி சபையின் முன்னறை. மூன்று மாதமும் வெளியே தங்கச் செலவு ஆகும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருக்கிறது, அது நடக்காது. ஆனால் ஜூன் முதல் இரண்டு வாரமாவது நான்கு பேரும் அந்த வளாகத்தைவிட்டு வெளியே போய்விடுங்கள். பள்ளி தொடங்கியிருக்கும் என்றால் ஓய்வை மே நடுவில் ஆரம்பிக்க முடியுமா என்று மூப்பர்களிடம் கேளுங்கள். மே மாதம் என்றதும் விடுமுறை வேதாகமப் பள்ளி ஞாபகம் வந்து உங்களுக்குக் கை நடுங்கும், தெரியும். அதை வாலிபர்கள் நடத்துவார்கள். அவர்கள்தான் எப்போதும் நடத்துகிறார்கள், நாம் கடைசி நாள் போய்ப் பரிசு கொடுத்துவிட்டு நாம் நடத்தியதாக நினைத்துக்கொள்கிறோம்.

எங்கே போவது? முதலில் உங்கள் மனைவியின் தாய் வீட்டைச் சொல்வேன். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே அவர் தொடர்ந்து எத்தனை இரவு தங்கியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பாஸ்டர் வீட்டுப் பெண்கள் பலருக்கு அந்த எண் இரண்டைத் தாண்டாது. ஞாயிறு வந்துவிடும், திரும்ப வேண்டும். தாய் வீட்டில் ஒரு ஞாயிறும் இருக்கும்படி பத்து நாள் தங்கினால், உங்களுக்கும் நல்லது. மருமகனாக உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் உங்களிடம் ஜெபக்குறிப்பு கேட்கமாட்டார்கள்.

கொடைக்கானலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்களே அந்தப் பேரை எடுத்ததால். அந்த ஊரே மிஷனெரிகளின் ஓய்வுக்காக உருவானதுதான். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-ல் மலையேறி முதல் வீடுகளைக் கட்டினார்கள். வருடா வருடம் கோடையில் குடும்பத்தோடு மேலே போய்விடுவார்கள். அதுபோக சில வருடங்களுக்கு ஒருமுறை தாய்நாட்டு விடுப்பும் இருந்தது. ஓய்வு அவர்கள் அமைப்புக்குள்ளேயே இருந்தது. அவர்கள் விட்டுப்போன சபைகளையும் பள்ளிகளையும் கணக்குப் புத்தகங்களையும் நம் ஆட்கள் ஏற்றுக்கொண்டார்கள். வேலை முழுதாக வந்து சேர்ந்தது, ஓய்வு மட்டும் கப்பலேறிப் போய்விட்டது. "முன்னோர்கள் ஓய்வா எடுத்தார்கள்?" என்று சபையில் யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதற்காக அவர்கள் குடும்ப வாழ்க்கையைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 1901-ல் அதே மலையில் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் சின்னஞ்சிறுசுகள் அப்பா அம்மாவைப் பிரிந்து விடுதியில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தந்த விலையும் கணக்கில் உண்டு.

தனியாக மலைக்குப் போய் ஜெபிக்க ஆசைப்படுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. போங்கள், ஒரு வாரம், ஜூலையில். ஆனால் ஓய்வின் முதல் காரியமாகப் போகாதீர்கள். 14 வருடம் ஊருக்குக் கிடைத்த ஆள் கடைசியில் ஓய்வு வந்ததும் கடவுளோடு தனியாகப் போய்விட்டார் என்றால், வீட்டில் இருப்பவர்கள் யாரிடம் போய்க் குறைசொல்வார்கள்? கடவுளோடு போட்டி போட முடியாது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். பாஸ்டர் பிள்ளைகள் கடவுள்மேல் கசந்துபோவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பது என் அனுமானம்.

மோசேயின் மாமனார் எத்திரோவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 18. தலைமைத்துவக் கருத்தரங்கு எல்லாவற்றிலும் அதைச் சொல்வார்கள்: மோசே தனியாக நியாயம் விசாரித்தான், மாமனார் வந்து ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு அதிபதிகளை வை என்றார். சரி. ஆனால் அந்த மனிதர் எதற்காக வனாந்தரத்துக்கு வந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்க்க வந்தவர் அவர். மோசே என்ன செய்தான்? எதிர்கொண்டுபோய் மாமனாரை வணங்கினான், முத்தமிட்டான், கூடாரத்துக்குள் அழைத்துப்போய் கர்த்தர் செய்ததையெல்லாம் விவரித்தான். மனைவியிடம் என்ன பேசினான், பிள்ளைகளைத் தூக்கினானா என்று ஒரு வரி இல்லை. மறுநாள் காலை முதல் சாயங்காலம் வரை நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிட்டான்! அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமனார் "நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். நிர்வாக ஆலோசனை என்று நாம் வாசிப்பது, மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு தகப்பனின் வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம் என்று எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் தோன்றியது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இப்படித்தான். 1751-ல் ஒரு விதவையைத் திருமணம் செய்தார். திருமணம் ஆனதால் ஒரு பிரசங்கமோ ஒரு நாள் பயணமோ குறைந்தால் ஒரு பிரசங்கி கடவுளுக்கு எப்படிக் கணக்கு ஒப்புவிக்க முடியும் என்று அதே வருடம் தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்த மணவாழ்க்கை பிரிவில் முடிந்தது. 1781-ல் மனைவி இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் தப்பு உண்டு என்பார்கள், இருக்கட்டும். அவர் வழிவந்த பிரிட்டிஷ் மெதடிஸ்ட் சபைதான் இன்று தன் போதகர்களுக்குப் பத்தாவது வருடத்திலும், பிறகு ஏழு வருடத்துக்கு ஒருமுறையும் மூன்று மாத ஓய்வை விதியாக வைத்திருக்கிறது.

இனி வீட்டுக்குள் நடப்பதைப் பேசலாம்.

முதல் இரண்டு வாரம் நீங்கள் சகிக்க முடியாத ஆளாக இருப்பீர்கள். இதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஓடிக்கொண்டே இருந்த வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் என்ஜின் சூடு கொஞ்ச நேரம் இருக்கத்தானே செய்யும். பகலில் தூக்கம் வரும், இரவில் வராது, காரணமில்லாமல் கண்ணீர் வரும், பையன் டிவி சத்தம் வைத்தால் கத்துவீர்கள். தீர்க்கதரிசி எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டபோது தேவதூதன் தீர்க்கதரிசனம் சொல்லவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அதேபோல இந்த இரண்டு வாரம் சாப்பாடும் தூக்கமும் போதும், வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை எதுவும் போடாதீர்கள். மூன்று நான்கு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் போனால் விசுவாசக் குறைவு என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வேலூரில் மிஷனெரிகள் தொடங்கிய மருத்துவக் கல்லூரியே பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது என்று அவர்களுக்குச் சொல்லலாம்.

அதன்பிறகு வரும் ஆபத்து வேறு விதம். உடம்பு தெளிந்ததும் வீட்டைச் சபைபோல நடத்த ஆரம்பிப்போம். காலை ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம், ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பாடு, சனிக்கிழமை "குடும்பக் கூடுகை". தயவுசெய்து வேண்டாம். நீங்கள் இல்லாமல் ஒரு குடும்பம் அங்கே 14 வருடமாக நடந்திருக்கிறது. யார் கேஸ் புக் பண்ணுவது, யார் முதலில் குளிப்பது, அம்மாவும் மகளும் எந்த நேரத்தில் மனம்விட்டுப் பேசுவது என்று அவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நீங்கள் அந்த வீட்டில் கடைசியாகச் சேர்ந்த ஆள். புதிதாக வந்த உதவிப் போதகர் முதல் மாதமே ஆராதனை முறையை மாற்றினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

அதனால் வேலையின் வழியாக உள்ளே போங்கள். ரேஷன் கடைக்குப் போங்கள். மகளை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிட்டுக் கூட்டிவாருங்கள். பிளஸ் டூ படிக்கிற பெண் அப்பாவோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசமாட்டாள். முதுகுக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்தால் பேசுவாள், முகம் பார்க்க வேண்டாம் பாருங்கள். அவள் பேசும்போது ஆலோசனை சொல்லாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். எட்டாவது பையனுக்கு அதுகூட வேண்டாம், கிரிக்கெட்டுக்கு ஒரு ஆள் குறைந்தால் போய் நில்லுங்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தால் இந்தத் தடவை நீங்கள் போங்கள். பாஸ்டர் பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தைப் பார்த்து வகுப்பாசிரியை ஆச்சரியப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்பது சின்னக் கேள்விபோல் தெரியும், அப்படியல்ல. உங்கள் சபைக்குப் போகக்கூடாது. போனால் மேடையில் இருப்பவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். இருபது நிமிடத் தூரத்தில், உங்களை யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு சபையைத் தேர்ந்தெடுங்கள். நம் சபைகள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பமாக ஒரே வரிசையில் உட்காரவிடும் சபையாகப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து ஆராதனையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை, அது உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? என் மனைவி, நான் ஓய்வு பெற்ற பிறகு முதல் ஞாயிறு, பாட்டுப் புத்தகத்தை நடுவில் பிடித்தபடி, "இப்படி ஒரு தடவை உட்கார 31 வருஷம் ஆச்சு" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் பிரசங்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அதுவும் வேலைதான்.

போனுக்கு வருகிறேன். சபை எண்ணை ஒரு மூப்பரிடம் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்கு மட்டும் வேறு சிம் வாங்குங்கள். சபையின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறுவது ஊருக்குத் தப்பாகத் தெரியும் என்றால், அந்தப் போனையே ஒப்படைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. "ஐயா, ஒரே ஒரு ஜெபம் மட்டும்" என்று வருவதுதான் கஷ்டமானது. ஒரு ஜெபம் மூன்று நிமிடம்தான், ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரக் கதை உண்டு, அதற்குப் பின்னால் இரவெல்லாம் உங்கள் மனசு அங்கேயே இருக்கும். ஞாயிறு யூடியூப் நேரலையில் உங்கள் சபை ஆராதனையைப் பார்ப்பதும் அதே ரகம். காணிக்கைப் பாட்டு நீளமாகப் போவதைப் பார்த்துவிட்டு உங்களால் சும்மா இருக்க முடியாது.

ஓய்வில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பக்கத்து ஊர்களிலிருந்து உயிர்மீட்சிக் கூட்டங்களுக்கு அழைப்பு வரும். "ஃப்ரீயாத்தானே இருக்கீங்க பாஸ்டர்" என்பார்கள். ஒன்றுகூட ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்தச் சபை விடுவித்த ஆளை அயல் சபை பிடித்துக்கொண்டால், மூப்பர்களுக்கும் துரோகம், வீட்டுக்கும் துரோகம். இதில் பணமும் கலந்திருக்கிறது, மறைக்க வேண்டாம். சம்பளம் வந்தாலும் கல்யாணம், வீடு பிரதிஷ்டை, நன்றி ஆராதனை என்று வரும் காணிக்கைக் கவர்கள் மூன்று மாதம் நிற்கும். பல பாஸ்டர் வீடுகளில் பள்ளிக் கட்டணம் அந்தக் கவரில்தான் ஓடுகிறது. அதை மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, குறையும் தொகையை மூப்பர்களிடம் இப்போதே வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஜூலையில் பணம் முட்டினால் முதல் அழைப்புக்கே தலையாட்டிவிடுவீர்கள். மூன்று மாதச் சம்பளம், மாற்றுப் பிரசங்கியாருக்கான காணிக்கை இரண்டும் மூப்பர் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக ஏறட்டும். வாய்வார்த்தை ஆகஸ்டில் மறந்துபோகும்.

புத்தகம் எழுதுவது? எழுதுங்கள், ஜூலை கடைசியிலிருந்து, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். பிள்ளைகள் பை தூக்கி வாசலுக்கு வரும்போது மூடிவிட வேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி உங்கள் பக்கம்தான், அங்கே நூலகத்தில் உட்கார்ந்து எழுத முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். வீட்டு மேஜையைவிட அது நல்லது, வீட்டில் யாரும் "அப்பா எழுதுறார், சத்தம் போடாதீங்க" என்று அடக்கி வாசிக்க வேண்டியிருக்காது. புத்தகம் முடியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஓய்வு வருடத்தில் நிலத்தை விதைக்கக்கூடாது, தானாய் விளைந்தது ஆகாரமாயிருக்கட்டும் என்றுதான் லேவியராகமம் 25 சொல்கிறது.

ஆகஸ்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு சபைக் காரியம், திரும்பிய பிறகு வாரம் எப்படி இருக்கும் என்ற பேச்சு. அதையும் முதலில் வீட்டில் பேச வேண்டும். ஒரு தாளில் ஏழு மாலைகளை எழுதுங்கள். ஞாயிறு மாலை ஆராதனை, செவ்வாய் வீட்டு ஜெபம், புதன் வேதபாடம், வியாழன் சந்திப்பு, வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம். மிச்சம் திங்கள், அதில் மூப்பர் கூட்டம். உங்கள் வாரம் இப்படித்தானே இருக்கிறது? பாஸ்டர்கள் பலர் திங்கட்கிழமையை ஓய்வு நாள் என்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நாளில் அப்பா வீட்டில் தூங்கினால் அது பாஸ்டருக்கு ஓய்வு, குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. என் யோசனை, சனிக்கிழமையைப் பிடியுங்கள். வெள்ளி மதியத்துக்குள் பிரசங்கத்தை முடித்துவிடுவது, வாலிபர் கூட்டத்தை வாலிபர் தலைவரிடமே விடுவது, சனி மதியம் முதல் இரவு வரை வீடு. முதல் இரண்டு மாதம் பிரசங்கம் கொஞ்சம் மெலிந்திருக்கும். பிறகு சரியாகிவிடும். இன்னும் ஒரு மாலை வேண்டும் என்று வீட்டில் கேட்டால், எந்தக் கூட்டத்தை மாதம் இருமுறையாகக் குறைக்கலாம் என்று மூப்பர்களிடம் கேளுங்கள். நீங்கள் இல்லாத மூன்று மாதத்தில் எது நீங்கள் இல்லாமலே நன்றாக நடந்தது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதைக் கேட்பது கொஞ்சம் வலிக்கும், கேளுங்கள்.

திரும்பும் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் உங்கள் ஓய்வுக் கதையைச் சொல்லாதீர்கள். முக்கியமாகப் பிள்ளைகள் உங்களிடம் வண்டியில் சொன்னதைச் சொல்லவே சொல்லாதீர்கள். பாஸ்டர் பிள்ளைகளின் வாழ்க்கை முழுவதும் பிரசங்க உதாரணமாகிப்போவது அவர்களுக்கு உள்ள பெரிய மனத்தாங்கல். வீட்டில் கேட்டது வீட்டோடு இருந்தால்தான் மகள் அடுத்த தடவையும் வண்டியில் ஏறுவாள்.

இன்னொன்று, தேதி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும், மகளுக்குப் பிளஸ் டூ. அக்டோபருக்குப் பிறகு அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு என்று உங்களால் மூச்சுவிட முடியாது, மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு, உங்களுக்கு லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். இரண்டும் ஒரே மாதத்தில் மோதும். அந்த வருடம் லெந்து கால வீட்டுக் கூட்டங்களுக்கு வேறு ஆள் போடும் ஏற்பாட்டையும் இந்த மே மாதத் தீர்மானத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள். கொடைக்கானல் அறையை ஜூன் முதல் தேதிக்குப் பதிவு செய்திருந்தால், தேதியை ஜூலைக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள். ஜூலையில் மலையில் மழை இருக்கும், கூட்டம் இருக்காது, வாடகையும் குறைவாகவே இருக்கும்.